கட்டுமான கம்பெனிக்கு லோகோ மாத்தணுமா? சென்ட்ரிங் ஷீட்டுல இருந்து ஆரம்பிங்க

உச்சிப்புளி பக்கம் எங்க அப்பா ஆரம்பிச்ச கான்ட்ராக்ட் தொழில், இப்ப நானும் தம்பியும் பாக்குறோம். தனி வீடு, காம்பவுண்ட், ராமேஸ்வரத்துல சின்ன லாட்ஜ், கீழக்கரைல மாடி வீடு, இப்படி மண்டபத்துல இருந்து ஏர்வாடி வரைக்கும் வேலை ஓடுது. ரெண்டு தடவை லோகோ மாத்தியிருக்கோம். முதல் தடவை வெளியூர்ல ஒரு டிசைனர்கிட்ட கொடுத்து பண்ணோம், லேப்டாப்புல பார்க்க தங்கம் மாதிரி மின்னுச்சு, நாலு மாடி கட்டடம் நிழலோட நிக்கிற மாதிரி, அதுக்குப் பின்னாடி சூரியன். அதே ஃப்ளெக்ஸ்ல அடிச்சா சாணிக் கலர்ல வந்துச்சு, ரப்பர் ஸ்டாம்ப்ல போட்டா கருப்பு மை திட்டு, சென்ட்ரிங் ஷீட்டுல (கான்கிரீட் போட அடியில அடுக்குற தகடு) அடிக்கவே முடியல. கொடுத்த காசு போச்சு, அடிச்ச லெட்டர்பேட் போச்சு. ரெண்டாவது தடவை நாங்களே உக்காந்து ஒவ்வொண்ணா யோசிச்சு, ராமநாதபுரத்துல கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஒரு தம்பிய பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணோம், அது நிக்குது. அதை எப்படி பண்ணோம்ங்கறதைத்தான் எழுதுறேன், இந்தக் கரையோரம் கான்ட்ராக்ட் எடுக்குற யாருக்கும் உபயோகப்படும்.

முதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கங்க, எதுக்கு மாத்துறோம்னு. பசங்க தொழிலுக்குள்ள வந்துட்டாங்க, வீட்டு வேலையில இருந்து கவர்மென்ட் டெண்டர் பக்கம் போறோம், பார்ட்னர் பிரிஞ்சுட்டார், இல்ல பழைய பேர் யாருக்கும் படிக்கவே வரல, இதெல்லாம் நியாயமான காரணம். "பக்கத்து கான்ட்ராக்டர் புது போர்டு வச்சுட்டார்"ங்கறது காரணம் இல்ல. அதே மாதிரி சொன்ன தேதிக்கு வேலை முடிக்க மாட்டாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு இருந்தா அதுக்கு லோகோ மருந்து கிடையாது, அந்தக் காசுல இன்னொரு செட் சென்ட்ரிங் ஷீட் வாங்குங்க.

நம்ம பேர் எங்கெல்லாம் இருக்குன்னு போட்டோ எடுங்க

ரெண்டு நாள் ஒதுக்கி போனை எடுத்துக்கிட்டு சுத்துங்க. ஆபீஸ் போர்டு, சைட் போர்டு, டிப்பர் கதவு, மிக்ஸர் மெஷின், ஜாக்கி, பலகை, சென்ட்ரிங் ஷீட், ஹெல்மெட், பில் புக், கொட்டேஷன், லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், பிளான் ஷீட்டோட கீழ் மூலை, வாட்ஸ்அப் டிபி, கூகுள் மேப்புல இருக்குற போட்டோ, தீபாவளிக்குக் கொடுக்குற காலண்டர், கிரகப்பிரவேசத்துக்கு நாம கட்டுற பேனர். எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு தரையில பரப்பி வச்சுப் பாருங்க. எங்க கம்பெனிக்கு நாலு விதமான நீலம் இருந்துச்சு, பேர் ஒரு இடத்துல "கன்ஸ்ட்ரக்சன்", இன்னொரு இடத்துல "கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்", லாரில "பில்டர்ஸ்". யாரும் வேணும்னு பண்ணல, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கடையில அவசரத்துக்கு அடிச்சது.

பரப்பி வச்சதுல எது ரொம்ப அதிகமா இருக்குன்னு எண்ணுங்க. எங்களுக்கு சந்தேகமே இல்லாம சென்ட்ரிங் ஷீட்டுதான். வாடகைக்குப் போற ஷீட்டு, அடுத்தவங்க சைட்ல கலந்துடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் அடையாளம் அடிச்சிருப்போம், அப்பா அந்தக் காலத்துல மிச்சம் இருந்த நீல எனாமல்ல ஒரு முக்கோணம் போட்டு நடுவுல "ப"னு எழுதுவார். அது லோகோன்னு அவர் நினைச்சதே இல்ல. ஆனா ஊர் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு.

அதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டோம்னா, இந்த வேலையை நீங்களும் கட்டாயம் பண்ணுங்க. ஒரு பேப்பர், ஒரு பேனா. நம்மகூட பழகுன பத்துப் பதினஞ்சு பேர்கிட்ட "எங்க கம்பெனி படத்தை ஞாபகத்துல இருந்து வரைங்க"ன்னு கொடுங்க. மேஸ்திரி, ஹார்டுவேர் கடைக்காரர், எம் சாண்ட் லாரி டிரைவர், வீடு கட்டிக் கொடுத்த பழைய பார்ட்டி, பேங்க்ல லோன் பாக்குறவர். பார்க்காம வரையணும், நாம எடுத்துக் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு அந்த தங்கக் கட்டடத்தை ஒருத்தர்கூட வரையல. முக்கால்வாசிப் பேர் முக்கோணம் போட்டாங்க, டிரைவர் அண்ணன் வரையவே இல்ல, "நீல முக்கோணம்தானப்பா, அதுக்கு எதுக்கு பேப்பர்"னுட்டு வண்டி எடுத்துட்டார். அந்த ஒரு நாள்ல எங்க பாதி வேலை முடிஞ்சுச்சு. இருபது வருஷமா ஜனங்க மனசுல ஏறுன ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணை ஏத்தணும்னா இன்னொரு இருபது வருஷம் வேணும். அதனால மாத்துறதுன்னா முழுசா அழிக்கிறதுன்னு எடுத்துக்காதீங்க, எது பதிஞ்சிருக்கோ அதை வச்சுக்கிட்டு மத்ததைச் சுத்தம் பண்றது.

யார் பார்க்கப் போறாங்க

டிசைனர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்க, வாயால சொல்லாதீங்க. என்ன வேலை பண்றோம், யார் நமக்கு வேலை கொடுக்குறாங்க, எதை மாத்தக் கூடாது, எங்கெல்லாம் பயன்படப் போகுது. நம்ம கரையில பார்ட்டிங்க மூணு நாலு விதம். கீழக்கரைல வீட்டு ஓனர் துபாய்ல இருப்பார், இங்க சைட்டைப் பார்க்குறது அவங்க வாப்பா, ஓனர் பார்க்குறதெல்லாம் நாம சாயங்காலம் அனுப்புற வாட்ஸ்அப் போட்டோதான். அவருக்கு நம்ம கம்பெனிங்கறதே போன்ல தெரியுற அந்தச் சின்ன வட்டமும், போட்டோவுக்குப் பின்னாடி தெரியுற பேனரும்தான். ராமேஸ்வரம் லாட்ஜ்காரருக்கு கொட்டேஷன் பேப்பர் முக்கியம், பேங்க்ல காட்டுவார். தங்கச்சிமடத்துல, பாம்பன்ல வீடு கட்டுறவங்க ரோட்டுல போறப்ப சைட் போர்டைப் பார்த்துட்டு நேரா வந்து கேப்பாங்க. டெண்டருக்குப் போனா ஜெராக்ஸ் எடுத்த கருப்பு வெள்ளைப் பேப்பர்தான் நம்ம முகம். இதுல எது நமக்கு அதிகம்னு பார்த்து அதுக்கு முதல் இடம் கொடுங்க.

இன்னொண்ணு, இந்தக் கரையில இந்து, முஸ்லிம், கிறிஸ்டின் எல்லா வீட்டு வேலையும் ஒரே கான்ட்ராக்டர்தான் செய்வார். லெட்டர்பேட் மேல பிள்ளையார் சுழியோ 786ஓ சிலுவையோ போடுறது அவங்கவங்க நம்பிக்கை, தாராளமா போடுங்க, ஆனா அதை லோகோவுக்குள்ள கொண்டு போகாம மேல தனியா வைங்க. அப்பா இப்பவும் சுழி போட்டுத்தான் எஸ்டிமேட் எழுதுவார், பள்ளிவாசல் காம்பவுண்ட் வேலைக்கும் அதே பேடுதான் போச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

என்ன படம் போடுறது

கட்டுமான கம்பெனின்னா உடனே வர்றது கூரை, கிரேன், செங்கல், ஹெல்மெட், பல் சக்கரம், அடுக்கு மாடி. ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் பஸ்ல போறப்ப போர்டுகளை எண்ணிப் பாருங்க, இந்த ஆறுக்குள்ளதான் எல்லாம் அடங்கும். ஏழாவது ஒண்ணு இருக்கு, அது பாம்பன் பாலம். எனக்கும் அந்தப் பாலம்னா உயிர்தான், ஆனா லோகோவுக்கு வேண்டாம்னு சொல்லுவேன். மெடிக்கல் ஷாப்ல இருந்து டிராவல்ஸ் வரைக்கும் அதைப் போட்டுட்டாங்க, நம்மளுதுன்னு தனியா தெரியாது. அதோட 1914ல திறந்த பழைய பாலத்துல நடுப் பாகம் ரெண்டா பிரிஞ்சு மேல தூக்கும், 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும், ரெண்டும் வேற வேற உருவம். பழசைப் போட்டவங்க லோகோ இப்பவே பழைய போஸ்ட் கார்டு மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு.

கோபுரமும் யோசிச்சுப் போடுங்க, தமிழ்நாடு அரசு முத்திரையிலயே கோபுரம்தான் இருக்கு. கவர்மென்ட் கான்ட்ராக்டர்னு காட்டிக்க சிலர் அரசு முத்திரையையோ அசோகச் சக்கரத்தையோ லெட்டர்பேட்ல போடுவாங்க, அது 1950ம் வருஷத்துச் சட்டப்படி தப்பு, கண்டிப்பா கூடாது.

எல் அண்ட் டியைப் பாருங்க. 1938ல பம்பாயில ரெண்டு டென்மார்க் இன்ஜினியர்கள் ஆரம்பிச்சது, இன்னைக்கு நாடு பூரா மெட்ரோவும் பாலமும் கட்டுது, லோகோ என்னன்னா ரெண்டு எழுத்து, ஒரு வட்டம். அதுல கட்டடமும் இல்ல கிரேனும் இல்ல. கட்டடம் கட்டுறவங்கன்னு வேலைய வச்சு ஜனங்க தெரிஞ்சுக்குவாங்க, லோகோ செய்ய வேண்டியது "இது இவங்க"ன்னு அடையாளம் காட்டுறது மட்டும்தான். எழுத்து, அதைச் சுத்தி ஒரு எளிய வடிவம், இது எந்தக் காலத்துலயும் கெடாத வழி.

எங்களுக்கு முக்கோணமும் "ப"வும் இருந்ததால அதையே எடுத்துக்கிட்டோம். பிரச்சனை என்னன்னா முக்கோணத்தைத் தகட்டுல ஸ்டென்சிலா வெட்டுனா நடுவுல இருக்குறது எழுத்தோட சேர்ந்து கழண்டு விழுந்துரும், அது நிக்கணும்னா அங்கங்க பாலம் விடணும், அதாவது வெட்டாம ஒரு சின்னப் பட்டை. கோரல்டிரா தம்பி பக்கத்துக்கு ஒண்ணா நடுவுல விட்டான், நல்லாவே இல்ல, யாரோ கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் மூணு மூலையிலயும் விட்டுப் பார்த்தோம். கோடு மூணும் தனித்தனியா பிரிஞ்சு, மூலையில கொஞ்சம் இடைவெளி விட்டு ஒண்ணை ஒண்ணு தாங்கி நிக்கிற மாதிரி ஆயிருச்சு. அப்பா பார்த்துட்டு "பனங்கை முட்டுக் கொடுத்த மாதிரி இருக்குடா"ன்னார். எங்க தாத்தா வீடு பனங்கை, அதாவது பனை மரச் சட்டம் போட்ட ஓட்டு வீடு, இந்தப் பக்கம் பழைய வீடு நிறைய அப்படித்தான். அப்படியே வச்சுட்டோம். ஸ்டென்சிலுக்காக செஞ்ச ஒரு வேலைதான் எங்க லோகோவுக்கே முகம் கொடுத்துச்சு, டிசைனர் எவ்வளவு யோசிச்சிருந்தாலும் இது வந்திருக்காது. அதனாலதான் சொல்றேன், எந்தப் பொருள் மேல அதிகமா அடிக்கப் போறோமோ அங்க இருந்து வரைய ஆரம்பிங்க.

தமிழ் எழுத்து, இதுக்கு நேரம் கொடுங்க

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. இங்கிலீஷ்ல அழகா ஒரு எழுத்து வரைஞ்சு வாங்கிட்டு, கீழ தமிழ்ல ஏதோ கம்ப்யூட்டர்ல இருந்த ஃபான்ட்டைத் தட்டி விட்டுருவாங்க. நம்ம ஜனங்க முதல்ல படிக்கிறது தமிழைத்தான். சட்டமும் அதையேதான் சொல்லுது, கடை, நிறுவனப் பெயர்ப் பலகையில தமிழ்தான் முதல்ல, பெருசா இருக்கணும், தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி அளவு 5:3:2ங்கற விகிதம். அப்ப டிசைனையே தமிழ்ல ஆரம்பிச்சு அப்புறம் இங்கிலீஷை அதுக்குப் பொருத்துறதுதான் சரி.

"கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்"ங்கற வார்த்தையை எடுத்துக்கங்க. "க்ஷ" ஒட்டி வந்தா அஞ்சு புள்ளி, பிரிஞ்சு வந்தா ஆறு. விசிட்டிங் கார்டு அளவுல அந்தப் புள்ளி ஒண்ணு காணாமப் போகும், இல்ல மேல் வரியோட ஒட்டிக்கும். ரப்பர் ஸ்டாம்ப்ல சொல்லவே வேணாம். "பில்டர்ஸ்"னா மூணு புள்ளி. "கட்டுமானம்"னா ரெண்டுதான், படிக்கவும் நல்லா இருக்கு. பேரை மாத்துறது உங்க இஷ்டம், ஆனா நீளப் பேர் இருந்தா முதல் வார்த்தையை மட்டும் பெருசா லோகோவா வச்சுட்டு மிச்சத்தைச் சின்னதா கீழ வைங்க, லோகோவுக்குள்ள எல்லாத்தையும் திணிக்காதீங்க.

ஸ்டென்சிலுக்கு ப, ட, ர மாதிரி திறந்த எழுத்து சுலபம். க, ண, ன, ல, இ மாதிரி சுழி உள்ள எழுத்துல உள் வட்டம் கழண்டு விழும், பாலம் விட்டே ஆகணும். எழுத்து கனமும் பாருங்க, ரொம்ப கனமா போட்டா "ண"வுல சுழிகள் அடைஞ்சு "ன" மாதிரி தெரியும். கொம்பு, கால், சுழி மூணுக்கும் மூச்சு விட இடம் இருக்கணும். ஊர்ல சுவர்ல எழுதுற ஆர்ட்டிஸ்ட் அண்ணன்கள் இன்னும் இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு உங்க பேரை பிரஷ்ல நாலு விதமா எழுதச் சொல்லி, அதுல பிடிச்சதை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல இழைச்சு எடுங்க. எந்த ஃபான்ட்லயும் கிடைக்காத ஒரு எழுத்து உங்களுக்குன்னு கிடைக்கும், அவங்களுக்கும் வேலை கொடுத்த மாதிரி. நாங்க அப்படித்தான் பண்ணோம், அந்த "ப"வோட கீழ் மூலையில இருக்குற சின்ன வளைவு பிரஷ் திரும்புன இடம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

டெக்னிக்கலா ஒரு விஷயம். பிரிண்டிங் கடைகள்ல இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட் ஓடுது, அதுல அடிச்ச ஃபைலை யூனிகோட் மட்டும் இருக்குற இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்தா எழுத்தெல்லாம் சம்பந்தமில்லாத குறியா மாறிரும். அதனால முடிச்ச லோகோவுல எழுத்தை கர்வ்ஸா மாத்தித்தான் வாங்கணும், அப்ப அது எழுத்து இல்ல, படம், எங்க திறந்தாலும் மாறாது. மாத்துறதுக்கு முன்னாடி இருந்த ஃபைலும் ஒண்ணு தனியா வாங்கி வச்சுக்கங்க.

கலர், வெயில், உப்புக் காத்து

கம்ப்யூட்டர்ல பார்த்து கலர் முடிவு பண்ணாதீங்க. திரையில தெரியுறது ஒளி, பேப்பர்ல வர்றது மை, ரெண்டும் ஒண்ணா வராது, அதுவும் பளிச்சுன்னு இருக்குற நீலமும் பச்சையும் ஃப்ளெக்ஸ்ல மங்கித்தான் வரும். நம்ம ஊர் வெயில்ல சாதா மையில சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், நீலமும் கருப்பும் தாக்குப் பிடிக்கும். எங்க பழைய போர்டுல சிவப்புல இருந்த போன் நம்பர் தெக்க பார்த்த பக்கம் ரோஸ் கலராகி அப்புறம் இல்லாமலே போச்சு, போன் நம்பர் போனா போர்டு எதுக்கு?

மஞ்சள் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மண் அள்ளுற மெஷின் செய்யுற கேட்டர்பில்லர் கம்பெனி 1931ல சாம்பல்ல இருந்து மஞ்சளுக்கு மாறுச்சு, ஜேசிபியும் மஞ்சள், இன்னைக்கு எந்த கம்பெனி பொக்லைனா இருந்தாலும் நம்ம ஊர்ல அது "ஜேசிபி"தான். மெஷினுக்கு மஞ்சள் நல்லது, தூரத்துல தெரியும், ஆனா மஞ்சள் மட்டும் வச்சா நீங்க வண்டி வாடகைக்கு விடுறவங்கன்னு நினைச்சு போன் வரும். பச்சைக்கு வேற பிரச்சனை. சைட்டைச் சுத்தி நாம கட்டுறது பச்சை நெட், அது மேல பச்சை லோகோ எப்படித் தெரியும். மணல் கலர், பிரவுன் எல்லாம் பூசாத சுவர் மேலயும் புழுதி மேலயும் கரைஞ்சு போகும். கடைசில நாங்க அதே நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி, கூட வெள்ளை, அவ்வளவுதான். மூணாவது கலர் கிடையாது.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ரெண்டு மூணு கலர்ல ஃப்ளெக்ஸ், வினைல், எனாமல் பெயின்ட், மூணுலயும் ஒரு சாண் துண்டு அடிச்சு மொட்டை மாடில நல்லா வெயில் படுற மாதிரி கட்டி விடுங்க, பாதியை அட்டை வச்சு மூடிருங்க. சித்திரைல கட்டுனா ஆடில அவிழ்த்துப் பாருங்க. மூடுன பாதிக்கும் திறந்த பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கண்ணாலயே தெரியும். அவசரம்னா முடியாதுதான், ஆனா பத்து வருஷம் வச்சுக்கப் போற கலருக்கு மூணு மாசம் பெருசில்ல.

கலர் முடிவானதும் அதை நாலு விதமா எழுதி வைக்கணும். பேப்பர் பிரிண்டுக்கு சிஎம்ஒய்கே எண், திரைக்கு ஆர்ஜிபி எண், வினைல் ஸ்டிக்கருக்கு ரோல் நம்பர், பெயின்டுக்கு ஷேடு கார்டு நம்பர். கடைசில சொன்னதை நிறைய டிசைனர்கள் கொடுக்கவே மாட்டாங்க, நமக்கு அதுதான் தினமும் வேணும். நீங்களே பெயின்ட் கடைக்குப் போய் ஷேடு கார்டுல பக்கத்துல வச்சுப் பார்த்து எழுதிக்கங்க.

ஓகே சொல்றதுக்கு முன்னாடி

வரைஞ்சு வந்ததை உடனே நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. ஜெராக்ஸ் எடுங்க, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்க, மூணாவது காப்பிலயும் படிக்க வந்தா டெண்டர் பேப்பருக்கு ஓகே. ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு செஞ்சு பாருங்க, செலவு கம்மிதான், மை ஊறுனா எந்தக் கோடு எதோட ஒட்டுதுன்னு தெரிஞ்சுரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல ஸ்டென்சில் வெட்டி மேஸ்திரிகிட்டயே கொடுத்து ஷீட்டுல அடிக்கச் சொல்லுங்க, நீங்க அடிக்காதீங்க, வேலை அவசரத்துல அவர் எப்படி அடிக்கிறாரோ அதுதான் நிஜம். வாட்ஸ்அப் டிபியா வச்சுப் பாருங்க, வட்டத்துல மூலை வெட்டுப்படும், எங்க முக்கோணத்துல மூணு முனையும் போச்சு, அதனால டிபிக்குன்னு சுத்தி இடம் விட்ட ஒரு ஃபைல் தனியா செஞ்சோம்.

ரோட்டோர போர்டுக்கு கணக்கு இருக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும், படிக்க மூணு செகண்ட் வேணும்னா 50 மீட்டருக்கு முன்னாடியே எழுத்து தெரியணும். போர்டு எழுதுறவங்க வச்சிருக்குற பொதுக் கணக்கு 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்து, 50 மீட்டர்னா 165 அடி, அப்ப 16 இன்ச் உயரம். இது இங்கிலீஷ் பெரிய எழுத்துக்குச் சொன்ன கணக்கு, தமிழ்ல கொம்பும் புள்ளியும் மேல கீழ இடம் எடுக்குறதால இன்னும் கொஞ்சம் கூட்டிக்கங்க. அப்படிப் பார்த்தா ரோட்டு போர்டுல பேரும் போன் நம்பரும் தவிர வேற எதுக்கும் இடம் இருக்காது, அதுதான் நல்லதும். "எல்லாவிதமான கட்டட வேலைகளும் சிறந்த முறையில்"னு நாலு வரி எழுதுறதை யாரும் படிக்கிறதில்ல.

ஆபீஸ் வாசல் போர்டு வேற. அங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டே ஆகணும், அது விதி, அதுக்கு இடம் விட்டு டிசைன் பண்ணுங்க, இல்லன்னா பின்னாடி யாரோ ஒருத்தர் மார்க்கர்ல எழுதி வைப்பாங்க. 500 சதுர மீட்டருக்கு மேலயோ எட்டு வீட்டுக்கு மேலயோ கட்டி விக்கிறவங்கன்னா ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட பதிவு எண் விளம்பரத்துல பளிச்சுன்னு இருக்கணும், அதுக்கும் அப்படியே.

போர்டு நிக்கணும்ல

லோகோ எவ்வளவு நல்லா இருந்தாலும் போர்டு துருப்பிடிச்சு ஃப்ளெக்ஸ் கிழிஞ்சு தொங்குனா கட்டடம் கட்டுறவன் பேருக்கு அதை விட அசிங்கம் இல்ல, தன் போர்டையே ஒழுங்கா நிறுத்தத் தெரியாதவன் வீட்டை எப்படி நிறுத்துவான்னுதான் தோணும். ஆனி, ஆடில கச்சான் காத்து அடிக்கும், ஐப்பசி, கார்த்திகைல வாடையும் மழையும், நடுவுல புயல் பயம். சாதா இரும்புப் பைப் ஃபிரேம் மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள வெல்டிங் போட்ட இடத்துல துரு கக்கும். பாம்பன் புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் போட்டிருக்காங்கன்னா எதுக்கு, இந்தக் காத்துக்குத்தான்.

நிரந்தர போர்டுக்கு அலுமினியம் ஃபிரேம், ஏசிபி ஷீட் (ரெண்டு பக்கமும் அலுமினியம் ஒட்டுன பலகை), அதுமேல எழுத்து. ஸ்க்ரூ 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்க, 304 கடலோரத்துல பழுப்புக் கறை விட்டு போர்டுல கோடு கோடா வழியும். லைட் எரியுற எழுத்து வேணும்னா உள்ள உப்புத் தண்ணி போகாம அடைச்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா பேர்ல பாதி எழுத்து மட்டும் எரியும். சைட்ல வைக்கிற தற்காலிக பேனர்ல அங்கங்க அரை வட்டமா வெட்டி விடுங்க, காத்து புகுந்து போயிரும். பெரிய போர்டுன்னா உள்ளாட்சியில அனுமதி வாங்காம வைக்காதீங்க. என்னைக் கேட்டா சைட்டுக்கு ஃப்ளெக்ஸை விட தகரத்துல பெயின்ட் அடிச்ச போர்டு நல்லது, ஒரு சைட் முடிஞ்சா கழட்டி அடுத்த சைட்டுக்குக் கொண்டு போகலாம், வெளுத்தா திரும்ப அடிக்கலாம்.

ஃபைல், எழுத்துப் பத்திரம், டிரேட்மார்க்

டிசைனர் வாட்ஸ்அப்புல ஒரு ஜேபெக் அனுப்பிட்டு முடிஞ்சதுன்னா முடியல. கோரல்டிராவோட சிடிஆரோ இல்லஸ்ட்ரேட்டரோட ஏஐயோ மூல ஃபைல், பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, இதெல்லாம் நீலம், கருப்பு, வெள்ளைன்னு மூணு விதத்துலயும் வேணும். வாட்ஸ்அப்புல வாங்குனா டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க, போட்டோவா வந்தா அமுங்கிரும்.

அதோட ஒரு பேப்பர்ல "இந்த லோகோவோட முழு உரிமையும் இந்த கம்பெனிக்குக் கொடுத்துட்டேன்"னு எழுதி கையெழுத்து வாங்குங்க. காசு கொடுத்துட்டா நம்மளுதுதான்னு நினைக்கிறோம், ஆனா 1957 காப்பிரைட் சட்டப்படி உரிமையை மாத்திக் கொடுக்குறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். டிசைனர் இணையத்துல இருந்து ரெடிமேட் படத்தை எடுத்து ஒட்டலன்னும் அதுலயே எழுதி வாங்கிருங்க.

டிரேட்மார்க் பதிவு பண்ண கட்டட வேலைக்கு 37வது வகுப்பு. தனி ஆள், இல்ல உத்யம் பதிவு வச்சிருக்குற சின்ன நிறுவனம்னா ஆன்லைன்ல 4,500 ரூபா, மத்தவங்களுக்கு 9,000, ஒரு வகுப்புக்கு. கிடைச்சா 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம். போடுறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் இணையதளத்துலயே ஓசில தேடிப் பார்க்கலாம், லோகோ வரையுறதுக்கு முன்னாடியே பேரைத் தேடிருங்க, வரைஞ்சப்புறம் இன்னொருத்தர் பேர்னு தெரிஞ்சா எல்லாம் வீண். லோகோ மட்டும் மாறுனா ஜிஎஸ்டில ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, பேர் மாறுனா 15 நாளுக்குள்ள அங்க திருத்தம் போடணும், பேங்க் கணக்கும் அதுகூடவே.

மாத்துற நாள்

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்த முடியாது, தேவையும் இல்ல. மழை முடிஞ்சு தையில ஆரம்பிங்க. முதல் நாள் டிபி, கூகுள் மேப், கம்ப்யூட்டர்ல போடுற கொட்டேஷன், பில், இதுக்குச் செலவே இல்ல. அடுத்து ஆபீஸ் போர்டும் ஓடிக்கிட்டு இருக்குற சைட் போர்டும். பில் புக் தீர்ந்தப்புறம் புதுசு அடிங்க. ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பழசைக் கையோட வெட்டிப் போட்டுருங்க, ரெண்டும் கிடந்தா யாராவது மாத்திக் குத்திருவாங்க. சென்ட்ரிங் ஷீட்டைத் தேடிப் போய் அழிக்காதீங்க, சுத்தம் பண்ணி எண்ணெய் தடவுறதுக்கு ஷீட்டு குடோனுக்கு வர்றப்ப பழசுமேல புதுசை அடிச்சு அனுப்புங்க. எங்களுக்கு இன்னும் முழுசா முடியல, பழைய முக்கோணமும் புது முக்கோணமும் ஒரே சைட்ல கிடக்கும், ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து போறதால யாருக்கும் குழப்பம் வரல.

கடைசியா ஒரு ஏ4 ஷீட் செய்யுங்க. லோகோ சரியா எப்படி, எவ்வளவு இடம் விடணும், எதுக்கு மேல சின்னதாக்கக் கூடாது, நாலு கலர் நம்பர், பேரோட எழுத்துக்கூட்டு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். அதை லேமினேட் பண்ணி ஆபீஸ்ல ஒண்ணு, வழக்கமா போற ஃப்ளெக்ஸ் கடையில ஒண்ணு, பெயின்ட் அடிக்கிற அண்ணன்கிட்ட ஒண்ணு, மேஸ்திரிகிட்ட ஒண்ணு. ஃபைல் எல்லாத்தையும் டிரைவ்ல ஏத்திட்டு ஒரு பென் டிரைவ்ல போட்டு பீரோவுல நிலப் பத்திரத்தோட வைங்க. ஸ்டென்சில் தகடு ரெண்டு வெட்டி வச்சுக்கங்க, ஒண்ணு எப்படியும் ஏதாவது ஒரு சைட்ல தொலையும்.